நெபியோலோ சரிவில் ஒரு படங்கு

இந்த ஊரில் இலையைக் கிள்ளித் தரையில் போடலாம். யாரும் ஏச மாட்டார்கள். போடாவிட்டால்தான் ஏசுவார்கள். இலங்கையில், லிந்துலைத் தேயிலைத் தோட்டங்களில் இதைப் படிக்கிறவர்களே, சிரிக்காதீர்கள். அம்மா பறித்த கொழுந்தில் கணக்கியல் டிப்ளோமா முடித்த எனக்கே இது கிறுக்குத்தனமாகத் தெரிந்தது. புஷ்பா அக்காவுக்குக் கேட்கவா வேண்டும்?

இத்தாலியின் வடக்கே, பியமொந்தே மலைகளில் ஒரு வைன் பண்ணை. எங்கள் தோட்டத்திலேயே கொழுந்து பறித்த அக்காவும் நானும் பருவகாலப் பெர்மிட்டில் வந்திருக்கிறோம். தூரத்திலிருந்து பார்த்தால் நம்ம மலை மாதிரியே வரிவரியாகப் பச்சை. கிட்டப் போனால் தினுசே வேறு. தெற்கு பார்த்த, பனி முதலில் உருகும் சரிவு நெபியோலோ திராட்சைக்கு. அதன் பக்கவாட்டில் பார்பேரா. குளிர்ந்த உச்சியில் தொல்செத்தோ. ஒவ்வொரு சரிவுக்கும் பெயர் உண்டு. அந்தப் பெயரைப் போத்தலிலேயே அச்சடிக்கிறார்கள். அம்மா ஆயுசு முழுக்க ஏறி இறங்கிய சரிவுக்கு ஏழாம் நம்பர் மலை என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. அங்கே பறித்தது யார் கோப்பையில் போய் விழுந்தது என்று துரைக்கே தெரியாது.

ஜூன் கடைசியில் இலை கிள்ளும் வேலை. குலைகளை மறைக்கும் இலைகளை, காலை வெயில் படும் பக்கம் மட்டும், கிள்ளி எறிய வேண்டும். அக்கா முதல் நாளே ஒரு சாக்கைப் பிரித்து இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டார், அங்கே தேயிலைச் செடி கீறாமல் இருக்கக் கட்டுவதுபோல. கிள்ளிய இலையையெல்லாம் அதன் மடிப்பில் சேர்த்தார். நிறைந்ததும் வரிசையின் முனைவரை நடந்துபோய்க் கொட்டிவிட்டு வந்தார். அதற்குள் கூட வேலைசெய்த ருமேனியாக்காரிகள் அடுத்த வரிசையில் இருந்தார்கள்.

“அக்கா, இது குப்பதான்க்கா. கீழ போடுங்க.”

“தெரியுது தம்பி. கைக்குத்தான் தெரிய மாட்டேங்குது.”

“கையில என்னா தனி மூளையா இருக்கு?”

“ஒன் தலையில இருக்கிறதவிடக் கூட இருக்கு. வேலையப் பாரு.”

“வீட்டில் முயல் வளர்க்கிறாளா?” என்று மேற்பார்வையாளன் ஃப்ராங்கோ என்னிடம் கேட்டான். எங்கள் ஊரில் இலைதான் எடை, எடை குறைந்தால் அரைநாள் பேர், அதாவது பாதிச் சம்பளம்தான் என்று அரைகுறை இத்தாலியனில் விளக்கினேன். “பழம்?” என்றான். பழத்தை யாரும் பார்ப்பதில்லை என்றேன். இரக்கமாகத் தலையாட்டினான். மறுநாள் அக்காவுக்கு ஒரு முயல் கூண்டு கொண்டுவந்தான். கையோடு, வெள்ளிக்கிழமைக்குள் வேகம் வராவிட்டால் அறுவடைக்கு எடுக்க மாட்டேன் என்றும் சொன்னான்.

கூண்டைப் பார்த்து நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. தோட்டத்து வேலைப் பதிவில் பேரை வெட்டிவிட்டு வந்தவர் அவர். அறுவடைவரை நின்றால்தான் அடுத்த வருடமும் கூப்பிடுவார்கள்.

“திரும்பிப் போனா காலையில எந்தப் பெரட்டு வரிசையில போய் நிக்கிறது தம்பி? கூப்புட எம்பேரே இல்லையே அங்க.”

சின்ன வயதில், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், தராசிலிருந்து சிந்திய ஒரு கைப்பிடிக்காக அம்மா குனிந்து கெஞ்சியதைப் பார்த்திருக்கிறேன். இலைப் பக்கமே கை வைப்பதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தவன் நான். இப்போது இத்தாலிவரை வந்து இலை கிள்ளுகிறேன். என்ன லட்சணமோ!

வெள்ளிக்கிழமை காலை நானே போய்ச் சொன்னேன்.

“படங்கக் கழட்டுங்கக்கா. சேக்க எடமில்லாட்டி கை தானா கீழ போடும்.”

“வெக்கமா இருக்குடா, உடுப்பில்லாம நிக்கிற மாதிரி.”

ஆனாலும் கழற்றினார். முதல் இலையைக் கிள்ளினார். கை கீழே போகவில்லை. தோளுக்கு மேலே எழும்பிப் பின்னால் வீசியது, முதுகில் கூடை தொங்குவதுபோல. அடுத்தது. அதற்கடுத்தது. பிறகு இரண்டு கையும் கண்ணுக்குப் பிடிபடவில்லை. இல்லாத கூடைக்குள் இலை போய்க்கொண்டே இருந்தது. ருமேனியாக்காரிகள் பின்தங்கினார்கள். ஃப்ராங்கோ வரிசையின் முனைவரை வந்து பார்த்துவிட்டு, அறுவடைக்கு இவள் உண்டு, முயல்தான் பாவம் என்றான்.

“அக்கா, அறுவடைக்கு எடுத்துட்டான்! திரும்பிப் பாருங்க, எவ்வளவு கொட்டிக் கெடக்குன்னு!”

“பாக்க மாட்டேன். பாத்தா கை நின்னுரும்.”

அவர் நெபியோலோ சரிவில் மேலே ஏறிக்கொண்டிருந்தார், கூடைக் கயிறு தலையில் இழுப்பதுபோல லேசாக முன்னால் சாய்ந்து. பின்னால் வந்த எனக்கு வரிசை முழுக்க இலை. மிதித்துக்கொண்டு போயிருக்கலாம். குப்பைதானே. கொடிக்கம்பியைப் பிடித்தபடி ஓரமாகவே நடந்தேன்.