மச்சாள் கொண்டுவந்த மலைக்கல்

நனைந்த தோலும் கரிய சேறும் கலந்த ஒரு மணம், லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் நாங்கள் இரண்டு குடும்பங்களாகச் சேர்ந்து வாழ்ந்த வீட்டின் வாசலில் மூன்று நாள்கள் நின்றது. மாமாவின் மகள், என் "மச்சாள்", அயர்லாந்தில் மலை ஏறிவிட்டுக் கழற்றி வைத்த சப்பாத்துகளின் மணம் அது. அந்த மூன்று நாள்களும் நான் பின்கதவால்தான் பள்ளிக்கூடம் போனேன்.

எங்கள் வகுப்பு மேற்கு அயர்லாந்தின் நொக்னரே மலைக்குப் போகிறது என்றதும், நூலகத்தில் அதன் கதையை முதலில் தேடிப் படித்தவள் நான். பழங்கால அரசி ஒருத்தி, கையில் ஈட்டியோடு, பகைவரின் திசையைப் பார்த்து நின்ற நிலையிலேயே, உச்சியிலுள்ள பெருங்கற்குவியலுக்குள் புதைக்கப்பட்டிருக்கிறாளாம். அடிவாரத்திலிருந்து ஒரு கல் கொண்டுபோய் அவளுக்கு வைத்தால் நன்மை. அங்கிருந்து கல் எடுத்துவந்தால், அது போய்ச்சேரும் வீட்டுக்குக் கேடு. ஆனால் போனவள், அதே வகுப்பில் படித்த மச்சாள். அவர்கள் ஜெர்மன் கடவுச்சீட்டோடு லண்டனுக்கு வந்தவர்கள். எங்களுடைய அகதி விண்ணப்பமோ, வீட்டுப் பேச்சில் "கேஸ்", ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. அது முடியும்வரை நாட்டைவிட்டு வெளியேற முடியாது. "கேஸ் முடியட்டும், உலகம் முழுக்கப் போகலாம்" என்பதே நான் எதைக் கேட்டாலும் அம்மாவின் மறுமொழி.

புறப்படும் முன் மச்சாள் கேட்டாள்: "உன்ர பேரிலையும் ஒரு கல்லு வைக்கட்டே?"

அந்தப் பெருந்தன்மைதான் என்னைச் சுட்டது. "வேண்டாம். மேலை இருந்து எனக்கொரு கல்லுக் கொண்டு வா" என்றேன். கேட்டைப் பற்றிய பகுதியை மட்டும் நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அது அவளுக்கு வரட்டும் என்று நினைத்தேன். எங்கள் இருவருக்கும் வீடு ஒன்றே என்பது பதினொரு வயதுப் பொறாமைக்குத் தோன்றவில்லை.

அவள் கொண்டுவந்த சாம்பல்நிறக் கல் என் கைக்கு வருமுன்பே, அம்மா அதைக் கழுவித் திருநீறு பூசிச் சாமித்தட்டில் வைத்துவிட்டார். "மலையெண்டால் முருகன்தானே, எந்த நாட்டு மலையெண்டால் என்ன?" கேஸ் முடிவு எந்த நாளும் வரலாம் என்றிருந்த அந்த வாரத்தில், அம்மா காலைதோறும் அந்தக் கல்லின் முன்னால்தான் கண்மூடி நின்றார். தபால்துவாரம் திறந்து மூடும் ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் ஓடிப்போய்க் கடித உறைகளைப் புரட்டிப் பார்த்தேன். நான்காம் நாள், படிக்கட்டில் மச்சாளைப் பிடித்து நிறுத்தி, அழுதபடி எல்லாவற்றையும் சொன்னேன்.

"விசரி!" என்று சிரித்தாள். "மேலையிருந்து கல்லு எடுக்கக்கூடாதெண்டு அங்கை போன உடனையே எங்களுக்குச் சொல்லிப்போட்டினம். இது கீழை, கார் நிப்பாட்டுற இடத்திலை பொறுக்கினது. உச்சியிலை உன்ர பேருக்கும் ஒண்டு வைச்சிட்டுத்தான் வந்தனான்."

அதுவரை மலைக்காக மட்டும் பொறாமைப்பட்டிருந்த நான், அன்றிலிருந்து அவளுடைய மனத்துக்காகவும் பொறாமைப்படத் தொடங்கினேன். முன்னதைக் கடவுச்சீட்டு ஒன்று தீர்த்துவிடும். பின்னதைத் தீர்க்க எந்த அரசிடமும் முத்திரை இல்லை.

அந்த வாரம் வந்த கடிதம் மறுப்பு. "முருகன் சோதிக்கிறார்" என்றார் அம்மா. கல்லில் கேடில்லை என்று அறிந்தும், கேடு என் எண்ணத்தில் இருந்ததே என்று, மேன்முறையீட்டில் நாங்கள் வென்ற நாள்வரை நான் பயந்துகொண்டிருந்தேன்.

சென்ற இலையுதிர்காலத்தில், என் சொந்தக் கடவுச்சீட்டோடு அந்த மலையில் ஏறினேன். எத்தனையோ கால்கள் ஏறிச் சரிந்த குவியலைக் காப்பாற்ற, இப்போது அதன்மேல் ஏறவோ கற்களைத் தொடவோ வேண்டாம் என்று அறிவிப்பு வைத்திருக்கிறார்கள். கல் வைக்கும் வழக்கம் போய்விட்டது. அது சரியென்றே படித்த மனம் சொல்லிற்று. மச்சாளின் பேரில் ஒரு கல் வைத்து, அவளுக்கு நான் பட்ட கடனைத் தீர்க்கும் ஒரே வழி அடைபட்டுவிட்டதே என்று மற்ற மனம் வெந்தது. அங்கிருந்தே ஒரு படம் எடுத்து, மோர்டனில் வசிக்கும் அவளுக்கு அனுப்பினேன்.

"ஏற எவ்வளவு நேரம் எடுத்தது?" என்று கேட்டாள்.

"ஐம்பது நிமிசம்."

"நான் அரை மணித்தியாலம்."

மழை பிடித்துக்கொண்டது. கடலையோ கற்குவியலையோ நான் சரியாகப் பார்க்கவில்லை. அடுத்த முறை எந்த வளைவில் ஐந்து நிமிடம் குறைக்கலாம் என்று எண்ணிக்கொண்டே இறங்கினேன்.