பட்டியலில் விட்ட பாசி

அம்மாவின் வலது ஆள்காட்டி விரலின் ஓரத்தில் முதலில் ஒரு சிறு கட்டி வந்தது. கொசுக்கடி என்று நினைத்துச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு வேலைக்குப் போனார். பத்து நாளில் அது உடைந்து புண்ணானது. பிறகு மணிக்கட்டில் ஒன்று, முன்கையில் இரண்டு, முழங்கைக்குக் கீழே ஒன்று. ஒரே கோட்டில் மேலே ஏறின. காய்ச்சல் இல்லை, பெரிய வலியும் இல்லை. வலிக்காததால்தான் தாமதித்தோம்.

இதே போன்ற கட்டிகளுடன் மருத்துவமனை நடைபாதையில் காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோயைப் பற்றிச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். மருத்துவரிடம் நான் சொல்லாமல் விட்டதை நான்தான் சொல்ல வேண்டும்.

மத்திகிரியில் ஒரு மாடி வீட்டில் நானும் அம்மாவும் வாடகைக்கு இருக்கிறோம். நான் ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர். ஒரு பாகம் ஏன் பழுதானது என்று காரணங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாக அடித்து, கடைசியில் நிற்பதைக் கண்டுபிடிப்பது என் வேலை. அம்மா பிலோமினா ரோஜாப் பசுமைக்குடில் ஒன்றில் பூக்களைத் தரம் பிரிக்கும் மேசைக்குத் தலைமை. பிப்ரவரியில் காதலர் தினத்துக்கான ஏற்றுமதி உச்சத்தில் இருக்கும்போது அந்த மேசையில் அம்மா சொன்னதுதான் சட்டம். வருடம் முழுவதும் அந்த இரண்டு வாரத்துக்காகவே காத்திருப்பார்.

ஷிப்ட் முடிந்து வந்தால் எனக்கு ஆர்க்கிட் செடிகள். தொட்டியில் அல்ல, மரப்பட்டையில் கட்டி வளர்ப்பவை. வேப்பனப்பள்ளிப் பக்கம் வெட்டிய மாமரங்களின் பட்டையை வாங்கி வந்து காயவைப்பேன். ஸ்பாக்னம் என்ற காய்ந்த பாசியை வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, பட்டைமேல் மெல்லிய மெத்தையாகப் பரப்பி, செடியை உட்காரவைத்து, மீன் பிடிக்கும் நைலான் நரம்பால் சுற்றிக் கட்ட வேண்டும். சில மாதங்களில் வேர் பட்டையைப் பிடித்துக்கொள்ளும். பிறகு நரம்பை வெட்டிவிடலாம்.

இதற்கு நான்கு கைகள் வேண்டும். நான் செடியைப் பிடிப்பேன், அம்மா நரம்பை இழுத்துக் கட்டுவார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அப்படி இழுத்தபோது நரம்பு அம்மாவின் ஆள்காட்டி விரலைக் கீறியது. நான்தான் துடைத்து பிளாஸ்திரி ஒட்டினேன். ஈரப் பாசியில் அது நழுவி விழுந்தது. மிச்சமிருந்த மூன்று செடிகளையும் கட்டிவிட்டுத்தான் எழுந்தோம்.

ஜனவரி கடைசியில் தோல் மருத்துவரிடம் போனோம். அதற்கு முன் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் மாத்திரைகள் (பாக்டீரியாக் கிருமிகளைக் கொல்பவை) எதுவும் செய்யவில்லை. என்ன வேலை, முள் குத்துமா என்று மருத்துவர் கேட்டார்.

"குத்தாத நாளு லீவு நாளுதாங்க மேடம்" என்றார் அம்மா.

மருத்துவர் சிரித்தார். கட்டிகளின் வரிசையைப் பேனா முனையால் தொடாமல் காட்டி, பூஞ்சையாக இருக்கலாம், ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு வருவதுண்டு என்றார். பயாப்சி (புண்ணிலிருந்து சிறு துண்டு வெட்டிச் சோதிப்பது) எடுத்தார்கள். அதிலிருந்து கல்ச்சர் (கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது) முடிவு வர மூன்று நான்கு வாரம் ஆகும், அதுவரை வேலைக்குப் போக வேண்டாம் என்றார். அடுத்த முறை வரும்போது நோயின் முழு வரலாற்றையும் எழுதி வரச் சொன்னார்.

திரும்பும் பேருந்தில் அந்தப் பூஞ்சையைப் பற்றித் தொலைபேசியில் படித்தேன். எங்கெல்லாம் இருக்கும் என்று ஒரு வரி இருந்தது: ரோஜா முள், மண், வைக்கோல், மரப்பட்டை, ஸ்பாக்னம் பாசி. அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்தார். திரையை அணைத்தேன்.

அன்று இரவு உணவுக்கு முன் ஒரு பக்கம் தட்டச்சு செய்தேன். முதல் கட்டி வந்த நாள், ஒவ்வொரு கட்டியின் இடம், அளவு, சாப்பிட்ட மாத்திரைகள், வேலையின் தன்மை. பதினொரு வரிகள். நரம்பு கீறியது அதில் இல்லை. பாசியும் இல்லை. மறக்கவில்லை. ரோஜாவே காரணமாக இருந்தால் நான் காரணமில்லை, அவ்வளவுதான் என் கணக்கு. அம்மா அந்தத் தாளைப் படிக்காமலே பையில் வைத்துக்கொண்டார். "பாப்பா எழுதினா சரியாதான் இருக்கும்."

பாசியைத் தொடாதே என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. கை வலிக்கும் என்று நான் கரிசனப்படுவதாக அம்மா எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரி வந்தது. அம்மா வீட்டில் இருந்தார். மேற்பார்வையாளர் மஞ்சுளா தொலைபேசியில் எப்போது வருவாய் என்று கேட்டதற்கு, "உங்க முள்ளுதான் என் கையத் தின்னுடுச்சு, இன்னும் என்னா வேணும்?" என்று கேட்டுவிட்டு வைத்தார். ஐந்து வருடப் பழக்கம். நான் அடுப்பருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் வேலையிலிருந்து வந்தபோது பால்கனிக் கம்பியில் புதிதாக ஆறு பட்டைகள் தொங்கின. சும்மா உட்கார முடியாமல், வலது கையில் கட்டு இருந்ததால், இடது கையால் பாசியைப் பிழிந்து, நரம்பைப் பல்லால் இழுத்துக் கட்டியிருந்தார். நன்றாகவே கட்டியிருந்தார். "உனக்கு ஞாயித்துக்கெழமை வேல மிச்சம்" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன், அதோடு சரி.

கல்ச்சர் முடிவு வந்தது. ஸ்போரோட்ரிக்கோசிஸ் (மண்ணிலும் காய்ந்த தாவரங்களிலும் வாழும் பூஞ்சை, கீறல் வழியாகத் தோலுக்குள் புகுவதால் வரும் நோய்). முடிவைக் காட்டப் போன அன்று அம்மாவின் இடது கட்டைவிரலிலும் ஒரு கட்டி இருந்தது.

மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "மூணு வாரத்துக்கு மேல ரோஜாவத் தொடலன்னு சொல்றீங்க. அப்ப இந்தக் கைக்கு எப்படி வந்துச்சு? வேலைக்குப் போயிட்டுதான் இருக்கீங்க. சொல்லிடுங்கம்மா, நான் திட்ட மாட்டேன்."

"சத்தியமா போகலீங்க மேடம்" என்றார் அம்மா. மருத்துவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அம்மா என் பக்கம் திரும்பிக் கை காட்டினார். "பாப்பாவக் கேளுங்க."

நான் சொன்னேன். பட்டை, பாசி, டிசம்பரில் நரம்பு கீறியது, பேருந்தில் படித்தது. எப்போதிலிருந்து தெரியும் என்று மருத்துவர் கேட்டார். பயாப்சி எடுத்த நாளிலிருந்து என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. முதலில் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு, வலது கைக்கு ரோஜா காரணமா பாசி காரணமா என்று இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். இடது கையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

ஆட்டோவில் திரும்பினோம். வீட்டுப் படி ஏறும்போது அம்மா நின்றார்.

"கை போனா போவுது. அந்தம்மா முன்னாடி என்னப் பொய்க்காரியா நிக்க வச்சிட்டியேடி."

அம்மா என்னை 'டி' போட்டுப் பேசிப் பல வருடம் ஆகியிருந்தது.

மறுநாள் என்னை விடுப்பு எடுக்கச் சொல்லிப் பசுமைக்குடிலுக்கு அழைத்துப் போனார். மஞ்சுளாவின் எதிரில் நிறுத்தி, "நீயே சொல்லு" என்றார். சொன்னேன். மஞ்சுளா கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தார். ஆனால் மேசைக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது. "குணமாகி வாக்கா, பெட்டி கட்டுற எடத்துல பாக்கலாம்" என்றார். பிப்ரவரி முடிந்திருந்தது.

இட்ரகோனசோல் (பூஞ்சைக்கு எதிரான மாத்திரை) ஐந்து மாதம். சாப்பாட்டுக்குப் பின் எடுக்க வேண்டும். நெஞ்செரிச்சல் மாத்திரையோடு சேர்த்து எடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது, இதை எங்களுக்குத் தாமதமாகத்தான் சொன்னார்கள். அவ்வப்போது கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை. முதல் மாதம் ஒரு மாற்றமும் தெரியாது. மனம் தளர வேண்டாம். இரண்டாம் மாதத்தில் மேலே இருந்த கட்டி முதலில் வற்றியது, விரலில் இருந்தது கடைசியில்.

செடிகளையெல்லாம் தூக்கி எறிய எடுத்தேன். அம்மா தடுத்தார். அவை என்ன செய்தன என்று கேட்டார். இப்போது கையுறை போட்டுக்கொண்டு நானே கட்டுகிறேன். இரண்டு கைகளால் கட்டுவதால் எல்லாம் கொஞ்சம் கோணல். அம்மா பார்ப்பார், உதவிக்கு வரமாட்டார். அதே பாசியை வெறும் கையால் பிழிந்த என் கைகளில் ஒரு புள்ளிகூட இல்லை. சில நேரம் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

அம்மாவின் கைகளில் ஆறு தழும்புகள். காலத்தை அவர் அவற்றால்தான் சொல்கிறார். மணிக்கட்டைத் தொட்டு, "இது வந்தப்ப பொங்கல்" என்பார். இடது கட்டைவிரலைக் காட்டி, மேசை போன மாதம் என்பார். குற்றம் சாட்டும் குரலில் அல்ல. தேதி சொல்லும் குரலில்.

நேற்று கடைசிப் பரிசோதனை. வழக்கம்போல ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அம்மா அதை இப்போதெல்லாம் பையில் வைப்பதில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் நின்று, தழும்பு விழுந்த விரலை ஒவ்வொரு வரியின் கீழும் நகர்த்தி, உதடு அசையப் படிக்கிறார். அவசரமில்லை. நகரப் பேருந்து ஒன்று போய்விட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன், கடைசி வரிக்கு அந்த விரல் வந்து சேரும்வரை.