கீழ்நோக்கிய அம்பு

புனிதா தேயிலைத் தோட்ட ஆபீஸின் கிராணி, கணக்கு எழுதுபவள். மூன்று ஆண்டுகளுக்கு முன் கணினிகளில் விண்டோஸ் தவழ ஆரம்பித்தபோது, புதியவை கிடையாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. அவள் ஒரு பென்டிரைவில் லினக்ஸைக் கொண்டுவந்து போட்டாள். பழைய பெட்டிகள் ஓடின. அன்றிலிருந்து பிரிண்டர் நின்றால் புனிதா, வைஃபை போனால் புனிதா. காய்ச்சலில் படுத்திருந்த நாளிலும் அவளைக் கூட்டிப்போக லயத்து வீட்டு வாசலில் ஆபீஸ் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

ஈப்போவில் ஒரு கல்லூரி, கணினிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியது. நேர்காணல் காலையில். வராதவர்களை மறுபடி கூப்பிடுவதில்லை என்று எழுதியிருந்தார்கள். ஆயுதபூசைக்கு மறுநாள் அது. மேனேஜர் தர்மேந்திரனிடம் பல்வலி என்று சொல்லி லீவு வாங்கினாள்.

பூசைக்காக மட்டுந்தான் ஆபீஸில் கணினிகளை அணைப்பார்கள். அணைக்கும் முன், நிலுவையிலிருந்த புதுப்பிப்பை ஓடவிட்டாள். பிறகு சந்தனம் குழைத்து, தராசு, பிரிண்டர், விசைப்பலகை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள்.

மறுநாள் காலை, ஈப்போ பஸ் மலைப்பாதையில் கோலா தெர்லாவை நெருங்கும்போது போன் அடித்தது. கூட வேலை பார்க்கும் தவமலர்.

"எடை கம்ப்யூட்டர் தொறக்கலடி. கருப்புத் திரையில நாலு வரி. வெள்ளக் கோடு கடைசி வரியிலயே நிக்குது."

"என்டர் தட்டுங்கக்கா."

"தட்டுனேன். நீலமா என்னமோ வருது. ஆஃப் பண்ணிப் போட்டா மறுபடியும் அதே."

"அப்ப மேல ஏத்தி மொத வரிக்குப் போங்க."

"ஏற மாட்டேங்குது லா. எலை லோரி நிக்குது. எடைச் சீட்டு இல்லாம ஃபேக்டரில வாங்க மாட்டான். மூட்டை சூடேறுது, எலை கெட்டுரும், ஒங்கம்மா பறிச்சதும் அதுலதான் கெடக்கு."

தர்மேந்திரன் போனை வாங்கினார். "பல்லு நாளைக்கும் அங்கயேதான் இருக்கும். இத மாத்துனது நீதான?"

வளைவில் சிக்னல் அறுந்தது.

நேற்றைய புதுப்பிப்புதான் என்று நினைத்தாள். புதியது பழைய பெட்டிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நாலு வரிகளுக்குள் போய், பழையதைத் தேர்ந்தெடுத்துத் திறக்க வேண்டும். அது அவளுக்கு மட்டுமே தெரியும். யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, யாரும் கேட்டதுமில்லை. கோலா தெர்லாவில் இறங்கினாள். பஸ் ஈப்போவுக்குப் போனது. எதிர்ப்பக்கம் வந்த முட்டைக்கோஸ் லோரியைக் கைகாட்டி நிறுத்தினாள்.

ஆபீஸில் எல்லாரும் அவளுக்கு வழிவிட்டார்கள். மேல் அம்பைத் தட்டினாள். வெள்ளைக் கோடு ஒரு வரி ஏறி, உடனே அடிக்கு விழுந்தது. மறுபடி தட்டினாள். மறுபடி விழுந்தது. யாரோ அதைக் கீழே அழுத்திப் பிடித்திருப்பதுபோல.

குனிந்து விசைப்பலகையைப் பார்த்தாள். கீழ் அம்பு எழும்பவில்லை. அதன் ஓரத்தில் சந்தனம் வழிந்து காய்ந்திருந்தது.

தலையிலிருந்த கொண்டை ஊசியை எடுத்துச் சுரண்டினாள். விசை எழுந்தது. முதல் வரி, நேற்றுப் புதுப்பித்த லினக்ஸ். என்டர். கணினி திறந்தது. புதுப்பிப்பில் எந்தக் குறையும் இல்லை.

"என்ன கோளாறு?" என்றார் தர்மேந்திரன்.

"சின்னதுதான் சார்."

"கைய வச்ச ஒடனே ஓடுது பாத்தியா." தவமலரைப் பார்த்துச் சிரித்தார். "அடுத்த பூசைக்கு இவளுக்குத்தான் மொத பொட்டு வைக்கணும். பல்லு எப்படிம்மா இருக்கு?"

"வலி நின்னுருச்சு சார்."

சீட்டு அச்சாகி வந்தது. லோரி கிளம்பியது. அவள் ஊசியைப் பாவாடை ஓரத்தில் துடைத்துத் தலையில் செருகிக்கொண்டாள். நகத்துக்கடியில் சந்தனம் இருந்தது. அடுத்த மூட்டையைத் தராசில் வைத்தார்கள்.