பேசாத இருவருக்கு நடுவில்

காக்களூர் தொழிற்பேட்டையில் பம்பு உதிரிபாகம் செய்யும் சிறிய கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. உற்பத்தித் திட்டம் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். உண்மையில் நான் செய்தது, தமிழ் தெரிந்த இரண்டு பேருக்கு நடுவே தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பு.

ஒருவர் மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர். இன்னொருவர் வரும் பீஸ்களை அளந்து பார்க்கும் குவாலிட்டிக்காரர். இருவருமே ஐம்பதைத் தாண்டியவர்கள். குவாலிட்டிக்காரரின் மகள் கல்யாண வரவேற்புக்கு சூப்பர்வைசர் குடும்பத்தோடு போயிருக்கிறார். மண்டப வாசலில் பெண்ணின் அப்பா யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தவர், இவரைப் பார்த்து "வாங்க" என்று சொல்லவில்லை. குற்றம் அவ்வளவுதான். அன்று சாப்பிடாமல் திரும்பியவர் அதன்பின் அவரோடு பேசவில்லை. "போன்ல இருந்தேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் உயரம் குறைந்துவிடும் என்பதால் குவாலிட்டிக்காரரும் சொல்லவில்லை.

ஆகவே அளக்கும் அறைக்கும் மிஷின்களுக்கும் இடையே நான் நடந்தேன்.

"அந்தாளாண்ட சொல்லும்மா, கண்ண மூடிக்கினு போட்டா கூட இத்த விட நல்லா வரும்னு" என்பார் குவாலிட்டிக்காரர்.

"இன்னாவாம் அவருக்கு? அவரையே வந்து மிஷின ஓட்டச் சொல்லு."

எதிரில் நிற்பவள் நான் என்பதால் இரண்டு பக்கத்து முறைப்பும் எனக்குத்தான் கிடைத்தது. ஒருநாள் அலுத்துப்போய் மாற்றிச் சொன்னேன். "அளவு கொஞ்சம் தள்ளிப்போச்சாம் சார். நீங்க பாத்தா சரியாயிடும்னாரு."

சூப்பர்வைசர் மிஷினை நிறுத்தினார். "அப்டியா சொன்னாரு?"

"ஆமா சார்."

அவரே நின்று டூலை மாற்றினார். அன்று ஒரு பீஸ்கூடத் திரும்பி வரவில்லை.

எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. மறுவாரம் குவாலிட்டிக்காரரிடம், "பொண்ணு நல்லாருக்குதான்னு சூப்பர்வைசர் சார் கேட்டாரு" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

இரண்டு நாள் கழித்து, கேட்டுக்கு வெளியே டீக்கடையில், என் கண் முன்னாலேயே அவராகப் போய் சூப்பர்வைசரிடம் பேசினார்.

"பொண்ணு முழுகாம இருக்குதுப்பா. நீ விசாரிச்சியாமே."

"நான் எங்க விசாரிச்சேன்? நீதான் நான் பாத்தா சரியாயிடும்னு சொன்னியாம்."

"நான் எப்ப சொன்னேன்?"

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். மாதக்கணக்கில் பேசாதவர்களுக்குப் பேச ஒரு பொருள் கிடைத்துவிட்டது. டீ ஆறும்வரை என்னைப் பற்றியே பேசினார்கள். பிறகு சேர்ந்தே மேனேஜரிடம் போய், நான் பேச்சை மாற்றிச் சொல்கிறேன் என்று புகார் கொடுத்தார்கள்.

மேனேஜர் நியாயஸ்தர். எனக்கு மனிதர்களோடு பழகத் தெரியவில்லை என்று கண்டுபிடித்து, சென்னையில் ஒரு ஓட்டலில் நடந்த பயிற்சிக்கு அனுப்பினார். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், மனதில் எழும் உணர்ச்சிக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்கள். என் உணர்ச்சிக்கு நான் வைத்திருந்த பெயர் சபையில் சொல்லக்கூடியதாக இல்லை. மதியம் பிரியாணி நன்றாக இருந்தது.

இப்போது அவர்கள் ஒரே பைக்கில்தான் வீட்டுக்குப் போகிறார்கள். மணவாள நகர் போக நான் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தைத் தாண்டும்போது இருவரும் சேர்ந்தே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். முதல் வாரம் அழுகை வரும்போல் இருந்தது. இப்போதெல்லாம், இரண்டு பேருமே ஹெல்மெட் போடுவதில்லை என்பதைத்தான் கவனிக்கிறேன்.