செம்பருத்தித் தண்ணீரில் தோய்ந்த நூல்

எனக்குக் காய்ச்சல் வந்தால் தெருவின் தறிச் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்கும். எழுபதுகளின் கடைசியில், கல்யாணமான புதிதில், ஒரு மழை நாளின் முற்பகலில் அப்படித்தான் பாயில் கிடந்தேன். கண்ணாடி ஓடு வழியாக இறங்கிய சாம்பல் வெளிச்சம் என் தறியின் பாவின் மேல் படிந்திருந்தது. நீட்டிக் கட்டிய சந்தன நிறப் பட்டு, காற்றே இல்லாத குளம்போல இருந்தது. அதில் மீன் இருக்கிறதா என்று எட்டிக்கூடப் பார்த்தேன். காய்ச்சலில் எனக்கு அறிவு கொஞ்சம் கூடும்.

என் மனைவி வந்தவாசிப் பக்கத்துக்காரி. வரும்போதே ஒரு பிஸ்கட் டின் நிறைய உலர்ந்த செம்பருத்தி இதழ் கொண்டுவந்திருந்தாள். பூவையும் தழையையும் கொதிக்கவைத்துக் குடிப்பது ஆடு மாடுகளின் வைத்தியம் என்று கிண்டல் பண்ணி, அதுவரை ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. அன்றைக்கு அவளிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை.

"சொம்புல கஷாயம் வெச்சிருக்கேன், மூடி கீது. ஆறிப்போறதுக்குள்ள குடிங்க. ரேஷன் கடைக்குப் போயிட்டு ஜல்தியா வந்துடறேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கண்ணைத் திறக்காமலே குடித்தேன். துளசி வாசனை, பனைவெல்லத்தின் இனிப்பு, கடைசியில் ஒரு புளிப்பு. உள்ளே இறங்க இறங்கப் பாய் தரையைவிட்டுக் கொஞ்சம் எழும்பியது. அப்படியே மிதந்து சேவூர் வயல்களைத் தாண்டியிருப்பேன். அப்போது கொல்லைப்புறத்திலிருந்து குரல் வந்தது.

"அரக்குச் சாயம் கரைச்சி வெச்சனே, சொம்ப எவன்டா இஸ்துகினு போனது?"

பக்கத்து வீட்டுச் சாயக்காரர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் கொல்லை ஒன்று, கிணறு ஒன்று. சாயப்பொடியைச் சொம்பில் வெந்நீர் விட்டுக் கரைத்துத்தான் அண்டாவில் ஊற்றுவார். எவர்சில்வர் சொம்புகளுக்கெல்லாம் ஒரே முகம். கண்ணைத் திறந்து உள்ளே பார்த்தேன். அடியில் சிவப்பு.

வேறு யாராவது இருந்தால் எழுந்துபோய் அவரைக் கேட்டிருப்பார்கள். நான் பட்டு நெய்கிறவன். தறியோரம் கிடந்த வெள்ளைப் பட்டு நூலில் ஒரு இழையை எடுத்து, மிச்சக் கஷாயத்தில் முக்கினேன். ரோஜா நிறத்தில் வந்தது. குடத்துத் தண்ணீரில் அலசினேன், போகவில்லை. வேட்டியில் தேய்த்தேன், ஒட்டவில்லை. கெட்டிச் சாயம்! தொழில்காரனாக ஒரு கணம் சந்தோஷமாகவே இருந்தது. அது என் வயிற்றில் இருப்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

"அண்ணா! குடிச்சிட்டேண்ணா!"

முழங்கை வரை சிவந்த கையோடு சாயக்காரர் ஓடிவந்தார். என்னைப் பார்க்கவில்லை, நூலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என் சாயம் இவ்ளோ வெளிறி வராதுடா."

"தண்ணி ஜாஸ்தியா ஊத்தியிருப்பீங்க."

"யாரப் பாத்துச் சொல்ற?" என்றவர் மறுபடி நூலைப் பார்த்தார். முகம் மாறியது. "ஊத்தியிருப்பனோ?"

அவ்வளவுதான். "புள்ள சாயத்தக் குடிச்சிட்டான்" என்று தெருவில் இறங்கிக் கத்தினார். ஒவ்வொரு வீடாகத் தறி நின்றது. கடைசித் தறியும் நின்றபோது, அந்தத் தெருவில் மழையின் சத்தத்தை முதல்முறையாகத் தனியாகக் கேட்டேன். சாவு இவ்வளவு அழகாக இருந்தால் தாராளமாகச் சாகலாம் என்று நினைத்துக்கொண்டே, "என்னக் காப்பாத்துங்க" என்று அலறினேன்.

உப்புத் தண்ணீர் என்றார் ஒருவர். மோர் என்றார் ஒருவர். இன்னொருவர், "முந்தானை இன்னும் பாக்கி கீதேடா" என்று என் தறியைப் பார்த்து வருத்தப்பட்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மனைவி வந்தாள். குடை எங்கோ விழுந்திருந்தது.

"உன் கஷாயம்னு சாயத்தக் குடிச்சிட்டேன்" என்றேன், பெரிய தியாகம் செய்தவனைப் போல.

அவள் சொம்பைக் கையில் எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். மிச்சம் இருந்ததை அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். கூட்டம் 'ஐயோ' என்றது.

"செம்பருத்திங்க இது. எலுமிச்சம்பழம் புழிஞ்சா செவக்கும்."

"அப்ப நூல்ல ஏறிச்சே?"

சாயக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "புளிப்பு சேந்தா பட்டு எதையும் புடிச்சிக்கும்டா. தினமும் அதத்தான பண்றேன், எனக்கே தோணல பாரு!" அவருடைய சொம்பு அவருடைய அண்டாவுக்குப் பின்னாலேயே இருந்ததாம்.

மழையில் நனைந்து வந்தவர்களைச் சும்மா அனுப்ப முடியுமா? பெரிய பாத்திரத்தில் துளசி கொதித்தது. இறக்கிவைத்து இதழ்களைப் போட்டு மூடினாள். திறந்தபோது தண்ணீர் மழைமேகம்போல மங்கலான ஊதாவாக இருந்தது. எலுமிச்சைச் சாறு விழுந்ததும், விழுந்த இடத்திலிருந்து சிவப்பு மெல்ல விரிந்து விளிம்புவரை போனது. ருசியைப் பற்றி யாரும் பேசவில்லை. "இந்தக் கலர்ல சேல உடல் போட்டா, பார்டர் கிளிப்பச்சை வெக்கலாம்" என்றுதான் பேசிக்கொண்டே குடித்தார்கள்.

எல்லோரும் போனபின் அவளிடம் கேட்டேன். "மோந்து பாத்துட்டுதான குடிச்ச?"

"எங்க? மழையில எனக்குச் சளி புடிச்சிகிச்சி. காலையிலேந்து ஒரு வாசனையும் தெரியல."

"அப்ப அது நெஜமாவே சாயமா இருந்திருந்தா?"

அவள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்: "அத்தினி பேரு பாத்துகினு நின்னாங்களே, குடிக்காம இன்னாங்க பண்றது?"