ஈர்க்கால் பிரித்த மருந்து

"தாய்க்கு எழுத வராது. இந்தச் சின்னன் என்னத்தை எழுதிக் கிழிக்கப் போகுது? கொப்பியை ஆர் நிரப்பிறது?"

கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், மருந்துப் பரிசோதனைக்குப் பிள்ளைகளைப் பதிவு செய்கிற மேசையில் இருந்த பெண் இப்படிக் கேட்டார். யாழ்ப்பாணப் பட்டினத்துக்காரி; நாங்கள் தீவுப்பகுதி ஆட்கள். பக்கத்தில் நின்ற தாதியிடம், நல்ல தமிழில், நாங்கள் ஐந்து பேரும் முன்னால் நிற்கும்போதே கேட்டார். அம்மா, தம்பி, சின்னம்மா, சின்னம்மாவின் மகன், நான்.

அந்தச் "சின்னன்" நான்தான். பதினொரு வயது. வகுப்பில் மூன்று தவணையும் முதலாம் பிள்ளை. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் ஆறாம் வகுப்பைக் கண்டதில்லை. அம்மாவின் படிப்பு இடப்பெயர்வில் மூன்றாம் வகுப்போடு நின்றது. சின்னம்மா பள்ளிக்கூடமே போகவில்லை. கொழும்புக்கு என்னைக் கூட்டிப் போனதே பெயர்ப்பலகை வாசிக்கத்தான். நான் மேசையிலிருந்த பேனையை எடுத்து, மருந்து குடித்ததை ஒவ்வொரு நாளும் குறிக்கிற அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் தம்பியின் முழுப் பெயரையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவிட்டுப் பேனையை மூடி வைத்தேன். அந்தப் பெண் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

தம்பிக்கும் சின்னம்மாவின் மகனுக்கும் ஒரே வருத்தம். உடம்புக்குள் வருகிற கிருமியை இரத்தத்தின் வெள்ளைக் கலங்கள் பிடிக்கும், ஆனால் கொல்ல மாட்டா. தாய்வழியாக வந்து ஆண்பிள்ளைகளைப் பிடிக்கிற அரிய வருத்தம். அம்மாவுக்கு இரண்டு தம்பிமார் இருந்து, இருவரும் குழந்தையிலேயே மாரிச் சளியில் போனார்கள் என்று சொல்வார்கள். அது மாரிச் சளி இல்லை என்பதை ஒரு வைத்தியர்தான் கடதாசியில் பெண்ணுக்கு வட்டமும் ஆணுக்குச் சதுரமும் கீறி அம்மாவுக்குக் காட்டினார்.

பெரியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஒரு மருந்தைப் பிள்ளைகளுக்கு எந்த அளவில் கொடுக்கலாம் என்று அறிவதற்கான பரிசோதனை அது. தம்பியை எடுத்தார்கள். சின்னம்மாவின் மகனுக்கு அன்று காலை காய்ச்சல். அந்தப் பெண் வெப்பமானியைப் பார்த்து, "காய்ச்சல் பிள்ளையை எடுக்க ஏலாது" என்று அவனுடைய பெயரைக் குறுக்கே வெட்டினார். வேறொன்றும் சொல்லவில்லை. சின்னம்மா அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா மருந்துப் பெட்டியை மடியில் வைத்தபடி இருந்தார். ஆனையிறவு தாண்டிய பிறகுதான் வாய் திறந்தார்.

"அக்காவும் தங்கச்சியும் ஒண்டாப் போனனாங்கள். ஒருத்தி மட்டும் மருந்தோடை வீட்டை போறதோ?"

சின்னம்மா, "சும்மா இரு அக்கா" என்றார். ஆனால் பெட்டியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

எங்கள் ஊரில் வெளிநாட்டுப் பார்சல் வந்தால் சவர்க்காரக் கட்டியைக்கூட இரண்டாக வெட்டி மற்ற வீட்டுக்கு அனுப்புவார்கள். அதிலும் தாயின் தங்கையின் மகன் எங்கள் முறையில் மச்சான் இல்லை, தம்பி. ஒரு தம்பிக்கு மருந்து, மற்றத் தம்பிக்கு இல்லை என்றால் அந்த மருந்து எப்படித் தொண்டையில் இறங்கும்? ஆகவே மறுநாளே பங்கு தொடங்கியது. மருந்து தூளாக இருந்தது, ஒரு நாளுக்கு ஒரு பைக்கற். அம்மா அதைப் பழைய கலண்டர்த் தாளில் கொட்டி, கழுவிக் காயவைத்த தென்னோலை ஈர்க்கால் நடுவில் கோடு இழுப்பார். பங்கு பிரித்தவர் கடைசியாகத்தான் எடுக்கலாம் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சின்னம்மாவின் சார்பில் நான் முதலில் ஒரு பக்கத்தைத் தெரிந்தெடுப்பேன். பெரிய பக்கமாகப் பார்த்து எடுத்தால் அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார். பிறகு அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எங்கள் சரவணையிலிருந்து சின்னம்மாவின் சுருவிலுக்குச் சைக்கிள் உழக்குவேன். சின்னம்மா கோப்பையில் தண்ணீரோடு வாசல் படலையில் நிற்பார். அவன் குடித்து முடித்ததும் நாக்கை நீட்டிக் காட்டுவான். அதன் பிறகுதான் நான் பள்ளிக்கூடம் போவேன்.

கொப்பியில் "முழு அளவு குடித்தார்" என்ற கட்டத்தில் ஒவ்வொரு நாளும் சரி போட்டேன். அழகான சரிகள். ஒன்றுகூடக் கோடு தாண்டவில்லை.

இரண்டு மாதத்தால் கொழும்பில் தம்பியின் இரத்தத்தைப் பார்த்தவர்கள் குழம்பிப் போனார்கள். மருந்து இருக்க வேண்டிய அளவில் இல்லை. பெரிய வைத்தியர் கொப்பியைப் புரட்டினார், தம்பியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். மேசைப் பெண் தமிழாக்கினார்.

"அம்மா, முழுசாக் குடுக்கிறனீங்களோ?"

"ஓம்" என்றார் அம்மா.

"ஒவ்வொரு நாளும்?"

"ஓம், ஒவ்வொரு நாளும்."

ஏழு வயதுத் தம்பிக்கு அது அநியாயமாகப் பட்டிருக்க வேண்டும். "இல்லை அன்ரி, எனக்குப் பாதி, சுருவில் தம்பிக்குப் பாதி. அக்கா சைக்கிளிலை கொண்டு போறவ" என்றான். தன் அக்காவுக்குச் சைக்கிள் ஓடத் தெரியும் என்ற பெருமை வேறு அவன் குரலில்.

மேசைப் பெண் அதை வைத்தியருக்கு ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"நான் அப்பவே சொன்னனான், தீவாரை எடுக்க வேண்டாமெண்டு. எதைக் குடுத்தாலும் பங்கு போடுறது. ஒருத்தருக்குக் குடுத்த மருந்தைக் களவா இன்னொருத்தருக்குக் குடுக்கிறது பிழை எண்டு தெரியாதோ உங்களுக்கு?"

அம்மா கதிரையிலிருந்து எழும்பினார். அவர் குரலை உயர்த்தி நான் அதுவரை கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"நான் களவெடுக்கேல்லை, பிள்ளை. என்ர மகன்ர பங்கைத்தான் குடுத்தனான்."

அதை அந்தப் பெண் வைத்தியருக்கு ஆங்கிலத்தில் சொல்லவில்லை.

வைத்தியர் கோபத்தோடு தம்பியை அன்றே பரிசோதனையிலிருந்து நீக்கினார். என் கொப்பியை ஒரு உறைக்குள் போட்டு ஒட்டினார்கள். இன்று நான் தாதியியல் இறுதி ஆண்டு மாணவி. அம்மா செய்தது எவ்வளவு ஆபத்தானது என்று எனக்குத் தெரியும். அளவு குறைவென்று நினைத்துத் தம்பிக்கு மருந்தைக் கூட்டியிருந்தால்? எந்தச் சோதனையும் செய்யாத ஒரு பிள்ளைக்கு அந்தத் தூள் ஒத்துவராமல் போயிருந்தால்? வைத்தியரின் கோபத்தில் நியாயம் இருந்தது. என் பொய்ச் சரிகளுக்கு நானே பொறுப்பு. இதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அறையில் இருந்த அத்தனை படித்தவர்களில் ஒருவராவது, "மற்றப் பிள்ளை எங்கே? அவனுடைய காய்ச்சல் மாறிவிட்டதா?" என்று ஏன் கேட்கவில்லை?

அடுத்த மாரிக்கு முன், தோட்டங்களில் பசளைக்காகப் பூவரசங்குழை வெட்டி மண்ணில் தாழ்க்கிற காலத்தில், சின்னம்மாவின் மகனுக்கு நெஞ்சுக்குள் பூஞ்சணம் பிடித்தது. உக்கிய குழைக்குக் கிட்ட இந்தப் பிள்ளைகள் போகக் கூடாது என்பது தம்பிக்குக் கிளினிக்கில் சொல்லித் தெரியும். ஆனால் சுருவிலில் தோட்டம் வீட்டுக் கோடிக்குள்ளேயே வந்துவிடும். மூன்று கிழமைதான் இருந்தான். அவனுக்கு ஏழு வயது முடியவில்லை. அந்த மருந்து அவனைக் காப்பாற்றியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. அது தெரிவதற்காகத்தானே பரிசோதனை.

தம்பி இருக்கிறான். நாள் தவறாமல் குளிசை குடித்து, மீசையும் வைத்துவிட்டான். போன வருடம் அவனுடைய பழைய கிளினிக் துண்டுகளைத் தேடி அலுமாரியைக் கிளறியபோது அந்தப் பரிசோதனையின் சம்மதப் படிவம் அகப்பட்டது. பதினான்கு பக்கம், தமிழில். ஏழாம் பக்கத்தில் இப்படி இருந்தது: "தற்காலிக ஏதுவினால் உள்வாங்கல் நியமங்களைப் பூர்த்தி செய்யாத பங்குபற்றுநர் விடயத்தில், அவ்வேது நீங்கியமை ஆய்வாளரால் உறுதிப்படுத்தப்படுமிடத்து, மீளத் தெரிவுக்குட்படுத்தல் மறுக்கப்படலாகாது."

காய்ச்சல் மாறினால் திரும்பக் கூட்டிவாருங்கள் என்று அர்த்தம்.

இந்த வசனத்தை நான் முன்பே வாசித்திருக்கிறேன். கொழும்பிலிருந்து வந்த மறுநாள் சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, "பிள்ளை, என்ர பெடியனுக்கு உதிலை ஏதும் வழி கிடக்கோ எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லு" என்று மருந்துப் பெட்டியோடு இருந்த அந்தப் படிவத்தை எடுத்து என் கையில் தந்தார். நான் உரத்த குரலில், சொல் தடக்காமல், பதினான்கு பக்கத்தையும் வாசித்தேன். ஏழாம் பக்கத்தில் சின்னம்மா நிறுத்தினார்.

"உது என்ன சொல்லுது?"

எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல முதலாம் பிள்ளைக்கு வாய் வரவில்லை.

"அது சும்மா சட்டம், சின்னம்மா. எங்களுக்குத் தேவையில்லை" என்று பக்கத்தைத் திருப்பினேன்.

அது எங்களுக்குத் தேவையான ஒரே வசனம் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. விளங்காதபடி எழுதி வைப்பதும் கதவைப் பூட்டி வைப்பதும் ஒன்றுதான் என்பதும் தெரியாது.

படிவத்தோடு அன்றே சுருவிலுக்குப் போனேன். சின்னம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்து, கையைக் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"உனக்கு அப்ப பதினொரு வயசு" என்றார். "எழுதினவைக்கு எத்தினை வயசு?"

இந்த வருடம் அதே வருத்தத்துக்கு இன்னொரு மருந்தைப் பிள்ளைகளில் பரிசோதிக்கப் போகிறார்கள். தமிழ்ப் படிவத்தின் வரைவைக் கேட்டு மூன்று தரம் அலைந்து வாங்கினேன். சின்னம்மாவுக்கு முன்னால் இருந்து வரிவரியாக வாசித்தேன். அவர் கை காட்டிய இடங்களில் எல்லாம் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, விளங்குகிற தமிழைப் பக்கத்தில் எழுதினேன். திருப்பி அனுப்பப்படுகிற பிள்ளையின் தாய்க்கு, எப்போது திரும்பி வரலாம் என்று வாயால் சொல்லி, அவர் அதைத் திருப்பிச் சொல்லும்வரை அனுப்பக் கூடாது என்றும் கேட்டு, ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கிற குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். போன திங்கட்கிழமை வேலணைத் தபாற்கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டாயிற்று. கடிதத்தின் கீழ் இரண்டு பேரின் ஒப்பம் இருக்கிறது. மேலே உள்ளது சின்னம்மாவின் பெருவிரல் அடையாளம்.