நூறு பைகளும் ஓர் அண்டா புளிசாதமும்: அடி அண்ணாமலையில் ஒரு காலை

மாசி மாதத்தில் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அண்ணாமலையாரிடம் ஒரு வேண்டுதல் வைத்தேன். இவர் எழுந்து நடந்தால் உன் மலையைச் சுற்றி வந்து, நூறு பொட்டலம் புளிசாதம் கட்டி, நூறு பேர் கையில் கொடுக்கிறேன் என்று. எழுந்து நடந்துவிட்டார். ஆனால் சாப்பாடுதான் இறங்கவில்லை. எதைச் செய்து வைத்தாலும் நாலு வாய், அப்புறம் "போதும் விஜயா" என்று தட்டைத் தள்ளிவிடுவார். இன்னும் கொஞ்சம் வை என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற மனிதர். வேண்டுதல் பாக்கி நிற்பதால்தான் இப்படியோ என்று எனக்குள் ஒரு உறுத்தல். ஆடி பிறந்ததும் கிளம்பிவிட்டோம்.

பௌர்ணமிக் கூட்டம் அவருக்கு ஆகாது என்பதால் சாதாரண சனிக்கிழமையாகப் பார்த்துக்கொண்டோம். ஆரணியிலிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலை அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வெள்ளி மாலை பஸ் ஏறினோம், இரண்டு மணி நேரம் ஆனது. செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் அறை, ஒரு நாளைக்கு 900 ரூபாய். சுத்தமான அறை, வெந்நீர் வந்தது, ஜன்னலைத் திறந்தால் மலை. அதற்கே கொடுக்கலாம்.

புளிசாதத்துக்கு ஊரிலிருந்தே போன் போட்டு ஒரு மெஸ்ஸில் சொல்லி வைத்திருந்தேன். எண்ணெயும் உப்பும் கம்மியாக, நூறு பேருக்கு 3,000 ரூபாய். அண்டாவில் தருவோம், பொட்டலம் நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும் என்றார்கள். அதற்காக ஆரணியிலேயே பொட்டலம் கட்டும் பேப்பர் நூறும், அதைப் போட்டுக் கொடுக்கப் பை நூறும் வாங்கினேன். பிளாஸ்டிக் கவருக்குத் தடை இருப்பது தெரியும். அதனால் கவர் வேண்டாம் என்று சொல்லி, ஒன்று ஆறு ரூபாய் கொடுத்து மஞ்சள் கலரில் துணிப்பையாகப் பார்த்து வாங்கினேன். கோபுரப் படம்கூடப் போட்டிருந்தது. பில் கேட்டதற்குக் கடைக்காரர், "பைக்கெல்லாம் இன்னாத்துக்குமா பில்லு?" என்றார். அப்போதே எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும்.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்தேகாலுக்கு ராஜகோபுரத்தின் முன்னால் சூடம் ஏற்றிவிட்டு நடக்க ஆரம்பித்தேன். முழுச் சுற்றுப் பதினான்கு கிலோமீட்டர். அடி அண்ணாமலை பாதி வழியில் இருக்கிற கிராமம்; பழைய கோயில் உண்டு. என் வீட்டுக்காரர் ஆட்டோவில் சாதத்தோடும் பைகளோடும் அங்கே வந்துவிடுவதாக ஏற்பாடு. ஆட்டோக்காரர் ஏழுமலைக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். மலை சுற்றி அறையில் இறக்கிவிட, காத்திருப்பும் சேர்த்து 600 கேட்டார், 500க்கு ஒத்துக்கொண்டார்.

நடக்கும்போது மலையைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும் என்பார்கள். நான் பாதி நேரம் கீழேதான் பார்த்தேன். செங்கம் ரோட்டிலிருந்து வலது பக்கம் திரும்பியதும் மரங்கள் நிறைய, காற்று நன்றாக இருந்தது. அந்த மர நிழலில்தான், யாரோ அன்னதானம் கொடுத்த சாதம் கவரோடு, போட்ட முடிச்சு போட்டபடியே, எறும்பு மொய்த்துக் கிடந்தது. ஒன்று இல்லை, வரிசையாக. ஒரு பசு கவரைச் சோற்றோடு சேர்த்து மென்றுகொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தேன், விடவில்லை. மலையே சிவன் என்று செருப்பில்லாமல் நடக்கிறோம், அவர் காலடியில் இதைப் போட்டுவிட்டும் போகிறோம். சட்டம் போட்டது சரிதான், நாம் நல்லவேளையாகத் துணிப்பை வாங்கினோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழரை மணிக்கு அடி அண்ணாமலை போய்ச் சேர்ந்தேன். ஆட்டோ நின்றிருந்தது. பக்கத்தில் ஒரு ஜீப். தேங்காய், சூடம், டீ விற்கும் சரோஜா அக்காவின் கடையில் கவர் சோதனை நடந்துகொண்டிருந்தது. வந்திருந்த அதிகாரி சின்ன வயதுப் பெண். அக்காவின் பெட்டியிலிருந்து ஒரு கட்டு கவரை எடுத்துச் சாக்கில் போட்டுவிட்டு, எங்கள் ஆட்டோவுக்கு வந்தார்.

"அம்மா, இந்தப் பையும் தடைதான். குடுத்துடுங்க."

"இது துணிப்பைங்க மேடம்," என்றேன்.

"எந்த ஊரு நீங்க?"

"ஆரணி. பட்டுத் தறி போட்டிருக்கோம்," என்றார் என் வீட்டுக்காரர், கொஞ்சம் பெருமையாகவே.

"அப்ப நீங்களே சொல்லுங்க சார். இதுல பாவு எது, ஊடை எது?"

அவர் பையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். நெடுக்கில் ஓடும் இழையும் இல்லை, குறுக்கில் ஓடும் இழையும் இல்லை. அதிகாரி ஓரத்தைக் கிள்ளி நெருப்புக்குச்சி உரசிக் காட்டினார். துணி என்றால் சாம்பலாகும். இது உருகிச் சொட்டியது. பட்டில் ஒரு இழை தப்பினால் கண்டுபிடிக்கிற என் வீட்டுக்காரர், வீட்டில் நாலு நாள் கிடந்த பையைத் தொட்டே பார்க்கவில்லை.

"ஆரணிக்காரங்களே நெய்யாததைத் துணின்னு வாங்கினா, நாங்க யார்கிட்டப் போய்ச் சொல்றது சார்?" என்று சிரித்தார் அந்தப் பெண். பொட்டலம் கட்டும் பேப்பருக்கும் உள்பக்கம் பிளாஸ்டிக் பூசியிருந்தது. அதுவும் போயிற்று.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "விக்கிறவனை விட்டுட்டு வாங்கினவளைப் புடிக்கிறீங்களே! அண்ணாமலையாருக்கு வேண்டிக்கிட்டதுங்க. பொட்டலம்னு சொல்லி வேண்டியிருக்கேன்."

"விக்கிற இடத்துக்கும் போறோம்மா. பில்லு இருந்தா குடுங்க, அந்த ஊருக்குத் தகவல் அனுப்பறேன்."

இல்லாத பில்லுக்கு எங்கே போவேன்? தெரியாமல் செய்ததால் அபராதம் போடவில்லை என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் ஜீப்பில் கிளம்பினார்.

"ஊரு முழுக்க சிப்ஸ் பாக்கெட்டு தொங்குது, பால் பாக்கெட்டு போவுது. அதுக்கெல்லாம் தடை இல்ல. எங்க கவருக்குத்தான் தடை," என்று ஏழுமலை ஜீப் போன திசையைப் பார்த்துச் சொன்னார். அது நியாயமான கேள்விதான்.

கவரைப் பறிகொடுத்த சரோஜா அக்கா மட்டும் பதறவில்லை. "நாலு கடையிலயும் புடுங்கிட்டுப் போனா எனக்கு நிம்மதிதான் ஏழுமலை. நான் மட்டும் கவர் இல்லன்னா, தேங்கா வாங்க வர்றவங்க அடுத்த கடைக்குப் போயிடறாங்க. எல்லாருக்கும் இல்லன்னா அவங்களே பை எடுத்துனு வருவாங்க. எனக்கும் கவர் காசு மிச்சம்." என் பக்கம் திரும்பி, "நீ இன்னாமா மலைச்சுப் போயி நிக்கிற? மந்தார இலைத் தட்டு இருக்குது, நூறு தட்டு முன்னூறு ரூபா. சோறு ஆறிட்டிருக்குது பாரு," என்றார்.

"பொட்டலமாத்தான் தரேன்னு வேண்டிக்கிட்டேன் அக்கா. இலையில போட்டா நிறைவேறுமா?"

"அதை அவர்கிட்டயே கேளு," என்று மலையைக் காட்டிவிட்டு இலைக்கட்டைப் பிரிக்க ஆரம்பித்தார்.

வேறு வழியில்லை. அண்டாவை வேப்பமரத்தடியில் இறக்கினோம். நான் பரிமாற, என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தபடி இலை எடுத்துக் கொடுத்தார். பொட்டலமாக இருந்திருந்தால் வாங்கினவர்கள் நடந்துகொண்டே போயிருப்பார்கள், போன சோறு என்ன ஆனது என்று எனக்குத் தெரிந்திருக்காது. இலையில் வைத்ததும் எல்லோரும் நின்றார்கள். சாலையோரம் உட்கார்ந்தார்கள். ஒரு சாமியார் இன்னும் கொஞ்சம் என்று இலையை நீட்டினார். செங்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, "வேர்க்கடலை தூக்கலா இருக்குது, கறிவேப்பிலைதான் கம்மி," என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டு தடவை வாங்கினார். பசி இல்லாதவர்கள் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். யாரும் வாங்கி வீசவில்லை. நூறு வரை எண்ண வேண்டும் என்று ஆரம்பித்தவள் நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். இலைகளைச் சரோஜா அக்காவின் மாட்டுக்குப் போட்டோம்.

கிளம்புகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் இருவருக்கும் பஸ், அறை, ஆட்டோ, அன்னதானம் எல்லாம் சேர்த்துச் செலவு ஐயாயிரத்து முந்நூறுக்குள் முடிந்தது, உருகிய பைக்கும் பேப்பருக்கும் அழுத 750 தனி. அன்னதானம் கொடுப்பதாக இருந்தால் அனுமதி வேண்டுமா என்று முன்னாடியே விசாரித்துக்கொள்ளுங்கள். பௌர்ணமியில் கெடுபிடி ஜாஸ்தி. பையை வாங்குமுன் ஒரு இழையை உருவிப் பாருங்கள், இழை வராவிட்டால் துணி இல்லை. வீட்டில் கல்யாணத்துத் தாம்பூலப் பைகள் எல்லோரிடமும் சும்மா கிடக்கும், நாலை மடித்து எடுத்துப்போங்கள். தடை வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் செய்கிற இடத்திலும் மொத்தமாக விற்கிற இடத்திலும் முதலில் நிறுத்தட்டும், பாக்கெட்டில் வருவதற்கும் ஒரு வழி பண்ணட்டும்.

கூட்டம் குறைந்தபோது அண்டாவில் இரண்டு பேருக்கு ஆகிற அளவு இருந்தது. மீதி மலையைச் சுற்றி முடிக்க வேண்டுமே என்று நான் கரண்டியைக் கழுவப் போனேன்.

"விஜயா, எனக்கு வைக்கமாட்டியா?" என்று இலையை நீட்டிக்கொண்டிருந்தார் அவர்.

வைத்தேன். வேப்பமரத்தடியில் மலையைப் பார்த்தபடி நிதானமாகச் சாப்பிட்டார். நான் பக்கத்தில் கரண்டியோடு நின்றேன். கடைசி வாய் முடிந்ததும் விரலை வழித்துவிட்டு இலையை மறுபடி நீட்டினார்.

"அந்தச் செங்கத்து அம்மா சொன்னது சரிதான். கறிவேப்பிலை கம்மி. இன்னும் கொஞ்சம் வை."